மங்கிப்போன மஞ்சள் கட்டம்

மருந்து பாட்டில் தொழிற்சாலையில் அவருக்கு வேலை, பாட்டில்களை முறைத்துப் பார்ப்பது. வெள்ளை விளக்குக்கு முன்னால் வரிசையாக நகர்ந்து போகும் பாட்டில்களில் கீறல், குமிழி, கோணல் கழுத்து எது கண்ணில் பட்டாலும் இரண்டு விரலால் தூக்கித் தொட்டியில் போட்டுவிடுவார். முப்பது வருடத்தில் அவர் கழித்ததையெல்லாம் அடுக்கினால் நிலாவுக்கே ஏணி வைக்கலாம் என்பார்கள் உடன் வேலை செய்பவர்கள். அதில் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டாலும் நான்கு மாடிக்கு எட்டும். வீட்டிலும் அதே கண்தான். தண்ணீர் தம்ளரைக்கூட வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

"பெண் பார்க்க வந்தப்ப என்னையும் ஜன்னல் பக்கமா திரும்பி நிக்கச் சொன்ன மனுஷன்" என்பாள் மனைவி.

அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தீனி ஒரு பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அதில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மூலையில் இருக்கும் குட்டி ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஜன்னலின் நடுவே வெளிர் மஞ்சளில் ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் எதிரில் நிற்பவர் இரட்டையாகத் தெரிவார். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு உருவமும் நெருங்கி வந்து ஒன்றாகும். அந்த நொடியில் அமுக்கினால் படம் கத்திபோலக் கூர்மையாக விழும். அவரிடம் இருந்தது ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றே ஒன்று. அதனால் குழுவில் அவருக்கு ஐம்பது அண்ணன் என்று பெயர்.

குழு என்றால் பன்னிரண்டு பேர், எல்லோரும் அதே வகைக் கேமராப் பைத்தியங்கள். மாதம் ஒரு ஞாயிறு, மருந்துக்கடைக்காரர் ஒருவரின் கடை மாடியில் கூடுவார்கள். மற்ற நாட்களில் போனில். மருந்துக்கடைக்காரர்தான் தலைவர். அவர் போட்ட சட்டமும் ஒன்றே ஒன்று: "குறை சொல்றதுக்கு வீட்ல இருக்காங்க, ஆபீஸ்ல இருக்காங்க. இங்க யாரும் யாரையும் குறை சொல்லக்கூடாது." படம் கைமாறும்போது ஒவ்வொருவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். நில அளவையாளர் ஒருவர் எடுக்கும் படங்களில் கட்டிடங்கள் எல்லாம் குடித்துவிட்டு நிற்பவை போலச் சாய்ந்திருக்கும். ஊரையே அளந்து நேராக்கும் ஆள்! அவற்றுக்கும் ஐம்பது அண்ணன் வாய் கூசாமல் "அருமை" சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் மஞ்சள் கட்டம் மங்கலாயிற்று. அடுத்த வாரம் நடுவில் புகை படிந்தாற்போல ஆயிற்று. பழைய கேமராக்களில் உள்ளே இருக்கும் கண்ணாடிப் பூச்சு வெளுத்து, கட்டம் மங்கிப்போவது இந்தக் கூட்டத்துக்கு நன்றாகத் தெரிந்த நோய். வேறு யாராக இருந்தாலும் முதலில் கண்ணைக் கசக்கியிருப்பார்கள். இவர் கேமராவைத் துடைத்தார். மங்கியது என்னவோ அவருடைய வலது கண்ணின் நடுப்பகுதி. ஜன்னலில் வைத்துப் பார்ப்பது அந்தக் கண்ணைத்தான். மற்ற நேரமெல்லாம் இடது கண் இரண்டு பேர் வேலையையும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்ததால், பாட்டில்களும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கட்டம் தெரியாததால் தூரத்தைக் காலடி வைத்து அளந்து, மனக்கணக்காக வளையத்தைத் திருப்ப ஆரம்பித்தார். அப்படி எடுத்த முதல் படம் மனைவி அடுக்களை வாசலில் நிற்பது. அவள் வாங்கிப் பார்த்தாள்.

"ஏங்க, என் மூஞ்சி எங்க?"

"இருக்கே."

"மாவு பூசின மாதிரி இருக்கு. பின்னாடி கதவுத் தாழ்ப்பாள் மட்டும் பளிச்சுன்னு இருக்கு. தாழ்ப்பாளையா கட்டிக்கிட்டீங்க?"

"உனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பன்னெண்டு பேரு பார்த்துச் சொல்லட்டும்."

பார்த்தார்கள், சொன்னார்கள். கனவு மாதிரி இருக்கு என்றார் ஒருவர். நினைவு மங்குறதையே படமா எடுத்துட்டீங்க என்றார் இன்னொருவர். அண்ணே, இது உங்க புது வழி, விட்டுடாதீங்க என்றார் தலைவர். அவர் விடவில்லை. மாதம் ஒன்று, இரண்டு, ஏழு ஆயிற்று. படங்கள் மேலும் மேலும் கரைந்தன. பாராட்டு மேலும் மேலும் தடித்தது. மனைவி மட்டும் தண்ணீர் தெளிக்கிற மாதிரி அவ்வப்போது சொல்வாள்: "எதுக்கும் கண்ணைக் காட்டிட்டு வாங்களேன்." பாட்டில் பார்க்கிறவனிடம் கண்ணைப் பற்றிப் பேசுகிறாளே என்று அவருக்குக் கோபம்தான் வரும்.

எட்டாம் மாதம் கட்டம் மொத்தமாகக் காணாமல் போனபோது கேமராவைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் அதைத் தன் கண்ணில் வைத்துத் தெருவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், இவரையும் பார்த்தார்.

"கட்டம் ஜம்முனு இருக்கே சார்."

"விளையாடாதப்பா."

"நான் ஏன் சார் விளையாடப் போறேன்? இந்தாங்க, இடது கண்ணுல வச்சுப் பாருங்க."

இடது கண்ணில் வைத்தால் மூக்கு இடிக்கும், கேமராவின் பின்பக்கமெல்லாம் மூக்கின் எண்ணெய் படியும். முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். நடுவில் மஞ்சள் கட்டம் புதுக் கேமராவில் இருப்பதுபோல இருந்தது. உள்ளே எதிர்க்கடைப் பலகை இரட்டையாக நின்றது. வலது கண்ணுக்கு மாற்றினார். பலகையின் ஓரங்கள் இருந்தன, நடுவில் ஒரு சாம்பல் ஓட்டை. மறுபடி இடது. மறுபடி வலது. நாலாவது தடவை மெக்கானிக் கேமராவை மெல்லக் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "விழித்திரைக்கு நடுவுல ரத்தம் கசிஞ்சு தழும்பாயிடுச்சு. ஆரம்பத்துல வந்திருந்தா ஊசி போட்டு நிறுத்தியிருக்கலாம்."

"ஆரம்பம்னா?"

"ஏழு, எட்டு மாசம் முன்னாடி."

இடது கண்ணுக்கும் இது வரலாம், வந்தால் அன்றைக்கே ஓடிவர வேண்டும், ஒரு வாரம்கூடத் தள்ளக்கூடாது என்று சொல்லி, கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். தினமும் வலது கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடுகள் வளைந்தால் ஆபத்து.

தொழிற்சாலையில் அவரைப் பெட்டிக்கு நாடா ஒட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். அந்த மாதக் கூட்டத்துக்கும் போனார். மனைவியின் படத்தை மேசைமேல் வைத்தார்.

"இதுல ஃபோகஸ் எங்க இருக்கு?"

படம் கைக்குக் கை மாறியது. கடைசியில் நில அளவையாளர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தாழ்ப்பாள்ல அண்ணே."

"எப்பத் தெரிஞ்சுது?"

"அன்னைக்கே."

"எத்தனை பேருக்கு?"

"எல்லாருக்கும்" என்றார் தலைவர். "சொன்னா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு..."

"பட்டிருந்தா கண்ணு தப்பிச்சிருக்கும்" என்றார் இவர்.

திட்டலாம் என்றுதான் போயிருந்தார். ஆனால் இவரே "அருமை" சொன்ன சாய்ந்த கட்டிடங்களின் சொந்தக்காரர் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால் வாய் எழவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் தலைவர் விஷயத்தைப் போனில் குழுவுக்குப் போட்டிருந்தார். ஒன்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். ஒருவர் பழக்க தோஷத்தில் கைதட்டியிருந்தார்.

கட்டத்தாளை மனைவி அடுக்களைக் கதவில் ஒட்டினாள். தினமும் காலையில் அவரை எதிரில் நிறுத்தி, வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்துவாள்.

"கோடெல்லாம் நேரா இருக்கா?"

"இருக்கு."

"எனக்காகச் சொல்லாதீங்க. நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொல்வார். நாலரை மாதம் நேராகவே இருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் பதில் சொல்லத் தாமதித்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார், நிமிர்த்தினார். நேராக இருக்கு என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகலாம். அவளும் உலையைப் பார்க்கப் போவாள். ஒரு நாள், இரண்டு நாள் நிம்மதியாகப் போகும்.

"என்னங்க?"

"புள்ளிக்குக் கீழ மூணாவது கோடு" என்றார். "லேசா வளையுது."

அவள் கையை எடுக்கவில்லை. "நிஜமாவா?"

"நிஜமா."

அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். ஆணியில் தொங்கிய அவருடைய சட்டையை எடுத்து நீட்டினாள். அவர் கையை நுழைக்கத் தடுமாறியபோது அவளே பொத்தான்களைப் போட்டுவிட்டாள். மேலிருந்து கீழாக, ஒன்றுகூட விடாமல்.

"செருப்பைப் போடுங்க" என்றாள். "ஆட்டோ கூப்பிடறேன்."