டிக்கியில் இரண்டே பை

பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, கறுப்பு மார்க்கரால் 'காலை 5.30 புறப்பாடு' என்று என் கணவர் பெரிதாக எழுதியபோதே நான் சிரித்துவிட்டேன். போகப்போவது நாங்கள் இரண்டு பேர். சொந்தக் கார். எங்களை விட்டுவிட்டு எந்த விமானம் கிளம்பிவிடப் போகிறது? ஆனால் சவூதியில், தம்மாமில் இருபத்தாறு வருஷம் ஏசி காற்றுக்குழாய் மாட்டும் வேலை பார்த்தவருக்கு, மணி எழுதாத திட்டம் திட்டமே இல்லை.

போன வருஷம்தான் வேலையை முடித்துக்கொண்டு இரணியலுக்கு வந்து சேர்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு. அந்த இரண்டு மாதத்தில் துக்கம் கேட்கப் போகவேண்டிய வீடுகள், பிள்ளை பிறந்த வீடுகள், புதுவீட்டுப் பால்காய்ப்பு, கல்யாணம். மிச்ச நேரத்தில் வீடு கட்டினோம். மற்ற நாளெல்லாம் போன்தான். போனில் சத்தம் ஒரு நொடி நின்றாலும் "ஹலோ, கேக்குதா?" என்பார். "கேக்குது, சொல்லுங்க" என்பேன். லைன் போய்விட்டதா, பேச ஒன்றுமில்லாமல் போய்விட்டதா என்று தெரியாத அந்த ஒரு நொடி இரண்டு பேருக்குமே ஆகாது.

இப்போது இரண்டு பெண்களும் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறார்கள். நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில் ஐந்து நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். காய்ச்சலும் இல்லை, கல்யாணமும் இல்லை, எனக்காகவே எழுதிய முதல் லீவு அது.

எனக்கு வேண்டியது கொச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய தீம் பார்க். பிள்ளைகள் சிறிசாக இருந்தபோது ஒவ்வொரு லீவிலும் போவதாகச் சொல்லி, ஒவ்வொரு லீவிலும் போகாமலிருந்தோம். ஒரு தடவை வண்டி ஏறி மார்த்தாண்டம் தாண்டியாயிற்று, யாரோ பெரியப்பா இறந்த செய்தி வந்து திரும்பினோம். பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து போய்வந்துவிட்டார்கள். நான்தான் பாக்கி.

"ஏட்டி, அம்பத்திரண்டு வயசுல ஒனக்கு ராட்டினம் கேக்குதா?" என்றார்.

"ராட்டினம் மட்டும் இல்ல. தண்ணியில சறுக்கிட்டு வாறதும் உண்டு."

அவருக்கு வேண்டியது பழைய கட்டடங்கள். மதுரை மஹாலைப் பார்க்கவேண்டும் என்றார். இங்கே தக்கலையில், வீட்டுக்குப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. பிறந்ததிலிருந்து அந்த வழியாகப் பஸ்ஸில் போய்வந்தவர், ஒருநாள் உள்ளே கால் வைத்ததில்லை. நானும் அப்படித்தான். உள்ளூர்க்காரன் எவன் அங்கே டிக்கெட் எடுத்து நுழைகிறான்? மூணாறில் மட்டும் எங்களுக்குள் சண்டை வரவில்லை. அவருக்கு மலை பிடிக்கும். எனக்குக் குளிர் பிடிக்கும். கொச்சியில் பார்க், அங்கிருந்து மூணாறு, போடி வழியாக இறங்கி மதுரை, அப்படியே வீடு என்று தாளில் கோடு போட்டோம்.

அடுத்த நாள் தாளைப் பார்த்தால், ஒவ்வொரு ஊருக்கும் நேரே ஒரு வீடு எழுதியிருந்தது. குழித்துறையில் அவருடைய அக்கா. திருவனந்தபுரத்தில் தங்கச்சி மகள். கொல்லத்தில் தம்மாமில் கூட இருந்தவர். மதுரையில் எனக்குக்கூட மறந்துபோன என் சித்தி மகன்.

"அவியளுக்க வீட்டு முன்னாலகூடி போயிட்டு கேறாம போனா என்ன நெனைப்பினும்?" என்றார்.

"என்ன வேணும்னாலும் நெனைக்கட்டு. இந்த அஞ்சு நாளும் நான் ஆருக்க வீட்டுலயும் சாயா குடிக்க மாட்டேன்."

முனகிக்கொண்டே அந்த வீடுகளை மார்க்கரால் அடித்துவிட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நின்று பேசுகிறபோது, அந்த மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "கொச்சி வழியாக்கும் போறோம். வல்லதும் கொண்டு குடுக்கணும்னா சொல்லுங்க" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் விளம்பரம் தேவையில்லை. வளைகுடாவுக்குத் திரும்புகிறவன் வீட்டில் கடைசி நாள் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஊறுகாய், சிப்ஸ், மாத்திரை, கருவாடு என்று ஊரே பொட்டணத்தோடு வரும். இவர் இருபத்தாறு வருஷத்தில் ஒருவருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. தன்னுடைய துணியைக் குறைத்துக்கொண்டாவது வாங்கிப் போவார். அப்படி வாங்குவதற்கு ஒரு முறையும் உண்டு. கட்டின பொட்டணத்தை வாங்கமாட்டார். பிரித்துக் காட்டவேண்டும், தானே திரும்பக் கட்டுவார், கொக்கித் தராசில் மாட்டி எடை பார்ப்பார், மார்க்கரால் பேரும் போன் நம்பரும் எழுதுவார்.

திங்கட்கிழமையிலிருந்து பொட்டணங்கள் வர ஆரம்பித்தன. கொச்சியில் படிக்கிற பிள்ளைக்குப் பலாக்காய் வற்றல். ஆலப்புழையில் கட்டிக்கொடுத்த மகளுக்குத் தேங்காய் எண்ணெய். மூன்று பேப்பர் சுற்றியும் நாற்றம் அடங்காத நெத்திலிக் கருவாடு. யாருடையதோ கல்யாண ஆல்பம். ஒவ்வொன்றையும் நடுவீட்டில் உட்கார்ந்து பிரித்தார், கட்டினார், எழுதினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் எழுந்து போய் ஜன்னலையெல்லாம் படாரென்று திறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். கார் டிக்கி திறந்திருந்தது. ஒரு சீப்பு வைக்க இடமில்லை. என் துணிப்பை பின் சீட்டில், கருவாட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. காலண்டர் தாளைப் பார்த்தேன். 'பார்க்' என்ற வரியை அடித்துவிட்டு, மேலே 'திருச்சூர், அக்கா மகள், முந்திரிக்கொத்து டப்பா' என்று எழுதியிருந்தது.

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். அன்றைக்கு வந்தது வேறு மாதிரி. கத்தக்கூட வரவில்லை.

"நான் வரல்ல. நீங்க சாமானக் கொண்டு குடுத்துட்டு வாங்க" என்றேன்.

அவர் தராசைப் பிடித்தபடி நின்றார். "காருக்கு எதுக்கு தராசு? எந்த ஏர்போர்ட்டுல எடை போடப் போறானுவ?" என்று கேட்டேன். தராசைக் கீழே வைத்தார். என் கூட ஐந்து நாள் இருப்பது இந்த மனுஷனுக்கு அவ்வளவு கஷ்டமா? கேட்டே விட்டேன்.

டிக்கி விளிம்பில் உட்கார்ந்தார்.

"சாமான் இருந்தா போற எடத்துல ஒரு சோலி இருக்கும் மக்கா. பேசுயதுக்கு ஆளு இருக்கும். அது இல்லாம அஞ்சு நாளு காருக்குள்ள ஒனக்க கூட நான் என்ன பேசுவேன்? போன்ல பத்து நிமிசம் பேசின ஆளாக்கும் நான். பதினொண்ணாவது நிமிசம் என்ன பேசணும்னு எனக்குத் தெரியாது. ஒனக்கு என்னைப் பிடிக்காம போயிருமோன்னு ஒரு பயம்."

அவரைத் திட்ட முடியவில்லை. ஏனென்றால் நான் பார்க் பார்க் என்று அடம்பிடித்ததன் காரணம் அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அங்கே போனால் பேசவேண்டாம். கூவினால் போதும். எனக்கும் அதே பயம்தான் இருந்திருக்கிறது.

அதை அவரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம், கருவாட்டு நாற்றத்துக்கு நடுவே.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லீவு போட்டேன். பொட்டணங்களைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினோம். தனியாகப் போகத் தைரியமில்லை, நீயும் வா என்றார். வாங்கின பொட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "வீட்டுக்காரிய பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன். வேற ஒண்ணும் எடுக்க ஒக்காது." கருவாட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். ஆல்பத்துக்குச் சொந்தக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இவருக்கு வியர்த்துக் கொட்டியது. நான் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன்.

தக்கலை வீடுகள் முடிந்தபோது மணி மூன்று. குழித்துறை ஒன்றுதான் மிச்சம். அரண்மனை வாசல் தெரிந்ததும் காரை ஓரம் கட்டினார். "கேறுவமா?" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தோம். கறுப்புத் தரை காலுக்குச் சில்லென்று இருந்தது. எல்லாரும் தரையையும் தூணையும் பார்த்தார்கள். இவர் மட்டும் அண்ணாந்தபடி நடந்தார். மரச்சட்ட ஜன்னலுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை விரித்துப் பிடித்தார்.

"ஏட்டி, இஞ்ச கை வச்சுப் பாரு. காத்து எதுலகூடி வருதுன்னு தெரியுதா? சூடு மேல ஏறிப் போயிரும். ஒரு மெஷினு இல்ல. இதையாக்கும் நான் இருபத்தாறு வருசம் தகரத்துல செய்தேன்."

பிறகு நிறுத்தவே இல்லை. எந்த வளைவில் காற்று திணறும், எந்த இடத்தில் சத்தம் போடும், சீலிங்குக்கு மேல் மல்லாந்து கிடந்து தகரத்தை முடுக்கும்போது கண்ணில் விழும் தூசி என்று சொல்லிக்கொண்டே வந்தார். "அங்க நான் கேறாத பெரிய கட்டடம் இல்ல. எல்லாத்துலயும் சீலிங்குக்கு மேல மட்டுந்தான் கண்டேன்" என்றார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. வேலை எப்படி என்று போனில் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! 'கொழப்பம் இல்ல' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை. கதவு சாத்தும் நேரம் என்று காவலாளி சொல்லும்வரை நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

குழித்துறையில் மைனி, அதாவது அவருடைய அக்கா, டப்பாவை வாங்கிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்பத்தாறு வயசுல பார்க்கா ஏலே?" என்றாள். உள்ளே போய்ப் பாதி முந்திரிக்கொத்தை ஒரு பேப்பரில் பொதிந்து என் கையில் வைத்தாள். "வழியில நீங்க ரெண்டுபேரும் தின்னுங்க. நாளைக்கு இஞ்ச கேறண்டாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து காலண்டர் தாளில் அடித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் 'பார்க்' என்று நானே எழுதினேன். 'மதியம்வரை' என்று அவர் கீழே எழுதப்போனார். மார்க்கரைப் பிடுங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பவில்லை, ஆறு ஆகிவிட்டது. டிக்கியில் இரண்டே பை. கிளம்புமுன் பழக்க தோஷத்தில் என் பையைத் தராசில் மாட்டிப் பார்த்தார். "இன்னும் எம்பாடு சாமான் எடுக்கலாம்" என்றார்.

"வேண்டாம். அந்த எடம் அப்பிடியே கிடக்கட்டு" என்றேன்.

குழித்துறைப் பாலம் தாண்டி, மைனி வீட்டுச் சந்து வந்தது. காரின் வேகம் லேசாகக் குறைந்து, பிறகு கூடியது. களியக்காவிளை தாண்டினோம். அரண்மனைப் பேச்சு, பிள்ளைகள் பேச்சு, தின்றுகொண்டிருந்த முந்திரிக்கொத்து எல்லாம் தீர்ந்துபோயிற்று. ரோட்டோரத்து ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்தேன். அவரும் சும்மா ஓட்டினார். எவ்வளவு நேரம் அப்படிப் போனோம் என்று தெரியாது. பதினொன்றாவது நிமிஷம் எப்போதோ தாண்டியிருக்கும்.

"ஹலோ, கேக்குதா?" என்றார், ரோட்டைப் பார்த்தபடியே.

"கேக்குது, சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல. சும்மா."