ஜெனீவாவின் வண்டியை இறக்கிய நாள்

மலைக்குப் பின்னால் தீ பிடித்து ஒரு வாரம் போலானபோது எங்கள் வாயெசிதோ கிராமத்துக்கு அறிவிப்பு வந்தது: தயாராக இருங்கள். கிளம்புங்கள் என்றால் கிளம்பிவிடலாம். அப்படிச் சொல்லவில்லை. மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா உட்காரவே தெரியாத மனிதர் ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருந்தார். என் அக்காள் ஓர்லிண்டாவின் கணவர் எபிமெனியோ மாயெஸ்தாஸ்.

சாப்பாடு நின்றபடிதான். பூசையில் பாதிரியார் பிரசங்கத்தைத் தொடங்கியதும் எழுந்து வெளியே போய்க் கோயில் கதவின் கீலுக்கு எண்ணெய் வேண்டுமா என்று ஆட்டிப் பார்ப்பார். இளமையில் காட்டுத்தீ அணைக்கும் படையில் ரம்பம் பிடித்தவர். எரிந்த பைன் மரம் ஒன்று சாய்ந்து முழங்காலை நொறுக்கியதோடு அந்த வேலை போயிற்று. பிறகு மாவட்டத்துச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டினார். வேலை நேரம் முடிந்தும் வீட்டுக்கு வராமல் கேட்டவர் கேட்காதவர் வாசலிலெல்லாம் பனி தள்ளிக்கொண்டிருப்பார்.

ஒரே மகள் ஜெனீவா அதே தீயணைப்புப் படையில் சேர்ந்தபோது அவளோடு மாதக்கணக்கில் பேசவில்லை. இப்போது அவள் எங்கள் மலையில்தான் இருந்தாள், அந்தப் புகைக்குள். அங்கே போன் எடுக்காது. கடைசியாக அவள் அனுப்பிய செய்தி, "நல்லா இருக்கேன், காலுறைதான் நாறுது." அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அன்று காலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அக்காள் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய் பெனி, உன் மச்சானுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு. போய்ப் பாரு."

கொட்டகைக்கு முன்னால் ஜெனீவாவின் நீல நிற நிசான் பிக்கப் நின்றது. பின் சக்கரங்கள் இரண்டும் கழற்றிக் கிடந்தன. வண்டியின் உடம்பு ஸ்டாண்டுகளின் மேல் தூக்கி நின்றது. அடியிலிருந்து எபிமெனியோவின் பூட்ஸ் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"என்ன மச்சான் பண்றீங்க?"

"பின்பக்கத்தை இறக்குறேன் மாப்ளே. அந்தப் பெரிய ஸ்பேனரை எடு."

அந்த வண்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்த வேண்டும் என்று ஜெனீவா போன குளிர்காலத்திலேயே இரும்புக் கட்டைகளும் நீளமான யூ போல்ட்டுகளும் வாங்கி சீட்டுக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தாள். கீழே எஸ்பனியோலா நகரத் தெருக்களில் ஞாயிற்றுக்கிழமை தரையோடு தரையாக ஊர்ந்து போகும் வண்டிகள் போல அவளுடையதும் போக வேண்டுமாம். "வண்டியோட வயித்தை ரோட்டுல தேய்க்கணுமா?" என்று அப்போது ஏளனம் செய்தவர் இதே எபிமெனியோதான்.

"இன்னிக்கா இதைச் செய்யணும்?" என்றேன்.

"வேற என்ன செய்யச் சொல்ற? ஆட்டையெல்லாம் அனுப்பியாச்சு. சாமி பொம்மையெல்லாம் ஏத்தியாச்சு. கூரையில ரெண்டு வாட்டி தண்ணி அடிச்சாச்சு. இனி அந்த மலையைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா? என்னால முடியாது."

குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் ஸ்பேனரைக் கொடுத்தேன்.

வேலை அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. அந்த வண்டியில் பின் அச்சு பட்டா ஸ்பிரிங்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கும் யூ போல்ட்டைக் கழற்றி, அச்சை ஜாக்கியால் கொஞ்சம் தூக்கி, நடுவே கட்டையைச் செருகி மறுபடி இறுக்கினால் சக்கரம் மேலே ஏறும், உடம்பு கீழே இறங்கும். ஆனால் பனியிலும், அது உருகச் சாலையில் கொட்டும் உப்பிலும் ஓடிய வண்டி. நட்டுகள் துருவேறி ஒட்டிப் போயிருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு கெட்ட வார்த்தை வைத்திருந்தார்.

இடது பக்கம் முடிந்தது. வலது பக்கத்தைக் கழற்றினார். அச்சை ஜாக்கி தாங்கிக்கொண்டிருந்தபோது காற்று திரும்பியது. கொட்டகைத் தகரம் படபடத்தது. சூரியன் செங்கல் நிறமாயிற்று. எரிந்த பைன் ஊசி ஒன்று என் சட்டைக் கையில் விழுந்தது.

ஷெரிப் ஆபீஸ் ஜீப் சங்கு ஊதிக்கொண்டு தெருவுக்குள் வந்தது. "எல்லாரும் கிளம்புங்க! உடனே!"

அக்காள் காரைக் கிளப்பிவிட்டு ஓடி வந்தாள். "எந்திரிங்க! அந்த வண்டி கிடக்கட்டும். நம்ம பெரிய வண்டி நிறைய சாமான் ஏத்தி நிக்குது."

"நீ போ. நாங்க பின்னாடியே வரோம்."

"மக தீக்குள்ள நிக்கிறா. நீங்களும் வெந்து போகணுமா? தகரத்துக்காகவா?"

அடியில் ஸ்பேனர் ஒரு சுற்று திரும்பியது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவ திரும்பி வரும்போது வண்டி இருக்கணும் ஓர்லிண்டா. நானே கழட்டிப் போட்டு எரிய விட்டேன்னு அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

அக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். போகவில்லை. சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நான் அடியில் புகுந்தேன். பட்டாவின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி கட்டையின் துளைக்குள் உட்கார வேண்டும். உட்காரவில்லை. அச்சு ஒரு விரல் அளவு முன்னே நகர்ந்திருந்தது.

"காலால உதை மாப்ளே. மெல்ல. மெல்லங்கிறேன்ல, கழுதை மாதிரி உதைக்காதே!"

இரண்டு காலையும் அச்சில் ஊன்றி முக்கினேன். புகை கண்ணைக் கரித்தது. டக்கென்று ஒரு சத்தம். உட்கார்ந்துவிட்டது. அவர் நட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றித்தான் இறுக்கினார். அவசரத்தில் ஒன்றைக்கூட விடவில்லை. நான் ஷாக் அப்சார்பரை மாட்டினேன். அக்காள் சக்கர நட்டுகளைத் திருகினாள்.

ஜாக்கியை இறக்கினோம். வண்டியின் பின்புறம் பூனை பதுங்குவது போலத் தாழ்ந்தது. அதை நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

நிசானை அவரே ஓட்டினார். பெரிய வண்டியை நான் எடுத்தேன், காரை அக்காள். முன்னால் போன அவர் ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கித் தூக்கிப் போடப்படுவது கண்ணாடி வழியே தெரிந்தது. எங்களுக்குப் பின்னால் மலை முகடு ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

எஸ்பனியோலாவில் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். சிவப்பு மிளகாய்க் குழம்பும் பீன்ஸும் கொடுத்தார்கள். எபிமெனியோ தட்டோடு வாசலுக்கும் வண்டிக்கும் நடந்தார். புது யூ போல்ட் கொஞ்சம் ஓடியதும் தளரும் என்று சொல்லி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போவார். வருவார். மறுபடி போவார்.

"எத்தனை வாட்டிதான் இறுக்குவீங்க? நட்டு அழுதுரும்" என்றாள் அக்காள்.

"படையில ஒருத்தருக்கு அடின்னு ரேடியோல சொன்னான். பேரு சொல்லல."

அக்காள் அதன் பிறகு அவரைத் தடுக்கவில்லை. அவளும் கூடவே போய் வண்டியருகே நின்றாள்.

அடிபட்டவன் வேறு படைக்காரன், கணுக்கால் பிசகியவன் என்று பிறகு தெரிந்தது. அதை எங்களிடம் சொன்னதே ஜெனீவாதான். இரண்டு நாள் கழித்து, படையின் பேருந்து அந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் வந்து நின்றது. கரி பூசிய முகத்தோடு இறங்கினாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பா எதிரே வந்ததும் அவர் தோளுக்கு மேலே அவள் பார்வை போயிற்று.

"என் வண்டி."

"ஆமா" என்றார்.

அவள் சுற்றி வந்தாள். அதே அழுக்கு உடையோடு தார்த் தரையில் படுத்து அடியில் போனாள்.

நாங்கள் மூவரும் காத்திருந்தோம். ஒவ்வொரு நட்டாகத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகத்துக் கரியில் கண்ணிலிருந்து இரண்டு கோடு விழுந்திருந்தது.

"நான்தான் செய்யணும்னு இருந்தேன்ப்பா."

"தெரியும்."

"நான் சரிபண்ண ஒரு தப்பாவது விட்டிருக்கலாம்ல? ஒண்ணைக்கூட விட்டு வைக்கல."

எபிமெனியோ என்னைப் பார்த்தார்.  பிறகு அவள் பக்கம் திரும்பி, "முன்பக்கம் இருக்கு. அதை நான் தொடல" என்றார்.

"தொட்டா கையை ஒடிப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. அவள் தலையைப் பிடித்து, கரி படிந்த நெற்றியில் முத்தமிட்டார். பிறகு, அவள் சாப்பிட்டாளா, காலுறை மாற்றினாளா, கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். பதில் வருவதற்குள் சாப்பாடு வாங்க ஓடினார். அவர் திரும்பும்போது அவள் வண்டியின் நிழலில் தூங்கிப் போயிருந்தாள். பக்கத்தில் ஹாரன் அடித்த ஒருவனிடம் தட்டோடு சண்டைக்குப் போனார்.

மறுநாள் காலை அவள் மலைக்குத் திரும்பினாள். தீ ஊருக்கு மேலே உள்ள வாய்க்காலோடு நின்றது. பொறி பறந்து வந்து விழுந்ததில் அக்காள் வீட்டு வைக்கோல் கொட்டகை மட்டும் சாம்பல். வண்டி நின்றிருந்த இடத்தில் தரை கறுத்துக் கிடந்தது. இலையுதிர்காலத்தில் ஜெனீவா விடுமுறைக்கு வந்து முன்பக்கத்தையும் இறக்கினாள். அந்த வேலை முடியும் மட்டும் அப்பாவைப் பக்கத்தில் விடவில்லை. அவர் வேலிக்கு வெளியே நின்று "அந்த நட்டு, அந்த நட்டு" என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டாள்.