வெளியே வந்தவன் சொன்னது

எங்கள் பெரம்பலூர் இன்ஜினியரிங் காலேஜில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. இன்டர்வியூவுக்கு முதலில் உள்ளே போனவன், வெளியே வந்ததும் காத்திருப்பவர்களிடம் என்ன கேட்டார்கள் என்று சொல்லிவிட வேண்டும். 2006-இல் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்று வந்தபோது முதலில் போனவன் நான். கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவர்களோ லாரியில் நெல் மூட்டை ஏற்றுவதுபோல் ஆள் எடுத்தார்கள். இங்கிலீஷில் நாலு வார்த்தை திக்காமல் பேசியவனுக்கெல்லாம் வேலை. என் கூட்டாளி, ஜெயங்கொண்டத்து முந்திரித் தோப்புக்காரர் மகன், நான் சொன்ன பதிலையே சொல்லித் தேறினான்.

ஆனால் எங்கள் இருவருக்கும் ஆசை வேறு. பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் கணிதத்தால் கணித்து வியாபாரம் செய்யும் மும்பைக் கம்பெனி ஒன்று சென்னையில் ஆள் தேடியது. பெரிய பெரிய காலேஜ் பிள்ளைகளே மூக்குடைபட்டுத் திரும்பும் இடம். எழுத்துத் தேர்வில் மிஞ்சிய சிலரில் நாங்கள் இருவரும் இருந்தோம். வேலை ஒன்றே ஒன்று.

அவனை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். என்ன கேட்டார்கள் என்றேன்.

"கணக்கே கேக்கல மாப்ள. ஊரு, குடும்பம், அவ்ளோதான். சும்மா போயிட்டு வா."

நம்பினேன். கையிலிருந்த கணக்குத் தாள்களைப் பைக்குள் திணித்துவிட்டு, துபாயில் அத்தா படும் பாட்டை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி உள்ளே போனேன். அவர்கள் ஊரையும் கேட்கவில்லை, பேரையும் கேட்கவில்லை. பலகையைக் காட்டினார்கள். காசைச் சுண்டிக்கொண்டே இருந்தால், தொடர்ந்து இரண்டு தலை விழ சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்?

லப்பைக்குடிக்காட்டில் எங்கள் வீட்டில் உட்காரவைத்து நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு அது. பேனாவோடு பலகை முன் நின்றேன். கணக்கு ஓடவில்லை. ஏன் பொய் சொன்னான் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுவாரம் வேலை அவனுக்கு என்று தெரிந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பிடித்து நிறுத்திக் கேட்டேன். அவன் மழுப்பவில்லை.

"அங்க எல்லாரையும் எடுத்தாங்க, நீ சொன்ன. இங்க ஒரு எடம்தானடா. என் எடத்துல நீ இருந்தா சொல்லியிருப்பியா?"

நோன்பு மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கஞ்சி குடித்தவன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பதைப் பழமொழியாக மட்டுமே அதுவரை கேட்டிருந்தேன். அவனை விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

சாஃப்ட்வேரில் சேர்ந்தேன். சம்பளத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. சொல்லியிருப்பேன். அது அவனுக்கும் தெரியும்.