இரண்டாம் மாடியில் ஒரு செத்தவீடு

2019ஆம் ஆண்டு ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, கொழும்பு முகத்துவாரத்தில் குருசடித் தோட்டம் என்ற குடிசைப் பகுதிச் சனங்களுக்குச் சீட்டுக் குலுக்கி வீடு கொடுத்தார்கள். இமெல்டா எடுத்த சீட்டில் டி புளொக், இரண்டாம் மாடி என்று இருந்தது. அன்று பின்னேரம் அவள் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த இரண்டு பன்னிரண்டாகிவிட்டது. மாற்றியவர் அவளுடைய புருஷன் கிளெமென்ற்.

சதுப்பைத் தோண்டி, அடியில் நீலத் தகடு விரித்து, மூன்று வாவிகள் கட்டினார்கள். அவற்றைச் சுற்றி முப்பது, முப்பத்தைந்து மாடிக் கட்டடங்கள். ‘ட்ரை லேக் சிற்றி’ என்று பெயர். அந்த நிலத்தில் அதுவரை குடியிருந்த தோட்டத்து ஆட்களுக்கு, எல்லாவற்றுக்கும் பின்னால், மதிலோடு ஒட்டி, டி புளொக். அதன் கீழ் மாடிகளில் இருந்து பார்த்தால் மதில்தான் தெரியும். பன்னிரண்டாம் மாடியில் இருந்து பார்த்தால் வாவி தெரியும், துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும், கொட்டாஞ்சேனை லூசியாஸ் கோயிலின் குவிமாடமும் தெரியும். அந்தக் கோயிலில்தான் இமெல்டாவுக்கு ஞானஸ்நானமும் கலியாணமும் நடந்தன.

பன்னிரண்டாம் மாடி விழுந்தது றோஸிக்கு. அதே தோட்டத்து விதவை, முழங்கால் வருத்தக்காரி. குலுக்கல் நடந்த மண்டபத்தின் வாசலில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டு நின்றாள். கிளெமென்ற் போய், “றோஸி, மாத்துவமா?” என்று கேட்டார். தோட்டம் முழுக்க அவரை நல்ல மனுசன் என்று சொன்னது. அவரோ தனக்குத்தான் லாபம் என்று நினைத்துக்கொண்டார். பெண்சாதியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திடீரென்று காட்டிச் சந்தோசப்படுத்த வேண்டும் என்ற ஆசை.

குடிபோன நாளில் ஜன்னலைத் திறந்து, “அங்க பார், உன்ட கோயில்” என்றார்.

இமெல்டா எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் வந்தாள். “எனக்குத் தலை சுத்துது. கோயிலைக் காட்டுறதுக்கு என்னை மோட்சத்துக்கே ஏத்திப்போட்டீங்களே!”

“வாவியைப் பார்.”

“என்ன வாவி? கழுவி வச்ச சட்டி மாதிரி இருக்கு. ஒரு மீனாவது இருக்கா? ரொனி பேலியகொடையில இருந்து நாலு சூரையைக் கொண்டுவந்து விட்டாத்தான் உண்டு.”

ரொனி அவர்களுடைய ஒரே மகன். பேலியகொடை மீன் சந்தையில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். அன்றைக்கு மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

கிளெமென்ற் துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கைச்சைகைக்காரராக இருந்தவர். கப்பல் தட்டில் நின்று, மேலே கிரேனில் இருப்பவருக்குக் கையாலேயே பேசுவது அவருடைய வேலை. விரலைச் சுழற்றினால் தூக்கு, உள்ளங்கையைத் தாழ்த்தினால் இறக்கு, முஷ்டியை உயர்த்தினால் எல்லாம் நிற்க வேண்டும். எந்தப் பெட்டி எந்த வாசலால் போகும் என்று கண்ணாலேயே அளந்துவிடுவார். ஆனால் டி புளொக்கின் லிஃப்டில் முதல்முறை ஏறியபோது, குளிர்சாதனப் பெட்டி போகுமா, கட்டில் போகுமா என்று மட்டும்தான் பார்த்தார்.

இரண்டாவது வருடத்தில் இமெல்டாவுக்கு இருதய வால்வில் கோளாறு என்று டொக்டர் சொன்னார். அந்த வருடத்தில்தான் லிஃப்டும் வாரத்துக்கு ஒருமுறை பழுதாகி நிற்கத் தொடங்கியது. ஒரு ஞாயிறு பூசைக்குப் போய் வந்து, படியில் ஏறி, ஏழாம் மாடியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் நீலம் பாய்ந்திருந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும்தான் கீழே இறங்கினாள். கோயிலுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலடியில் கதிரையைப் போட்டு உட்காருவாள். குவிமாடம் தெரிந்தது. மணிச்சத்தம் அவ்வளவு தூரம் வரவில்லை.

பார்க்க வருகிறவர்களும் குறைந்துபோனார்கள். “வாறம், வாறம்” என்று ஃபோனில் சொல்வார்கள். கீழே வந்து லிஃப்ட் பழுது என்று கண்டதும் வாங்கி வந்த பிஸ்கட்டைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இமெல்டா அவர்களைக் குறை சொன்னதில்லை. கிளெமென்றையும் சொன்னதில்லை. அதுதான் அவருக்குப் பெரிய வருத்தம். ஒருநாளாவது, “ரெண்டாம் மாடியில இருந்திருப்பம்” என்று அவள் ஏசியிருந்தால் அவருக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியிருக்கும்.

டி புளொக்கில் யாராவது செத்தால் கீழ்த்தளத்தில்தான் கிடத்துவார்கள். மோட்டர்சைக்கிள் நிறுத்துகிற இடத்தைக் கழுவி, வெள்ளைச் சீலை கட்டி, பெட்டியை வைப்பார்கள். பக்கத்து வீட்டு ஐறீனின் தம்பியின் செத்தவீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த கிளெமென்றிடம் இமெல்டா கேட்டாள்.

“அங்கேயா வச்சாங்க?”

“ஓம்.”

“என்னை அந்த மோட்டர்சைக்கிள் ஸ்ராண்டில வைக்க வேண்டாம். மலர்ச்சாலையிலயும் வேண்டாம். என்ட வீட்டில, என்ட ஹோலில வச்சுச் செபமாலை சொல்லி, இந்த வாசலால என்னைக் கொண்டுபோகோணும்.”

“விசர்க்கதை கதைக்காத.”

“சொல்லுங்க.”

“பத்துத் தொன் பெட்டியை முட்டை மாதிரி இறக்கினவன் நான். உன்னைக் கொண்டுவர ஏலாதா?”

வாக்கு என்று எடுத்துச் சொல்லவில்லை. ஆனால் அதுதான் வாக்கு.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் இமெல்டா போய்விட்டாள். பின்னேரம் பிரேதத்தைப் பெட்டியில் வைத்து மலர்ச்சாலை வண்டி கொண்டுவந்தது. ட்ரை லேக் சிற்றியின் முன்வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தான். வாவிக்கரைப் பாதையால் பிரேத வண்டி போகக் கூடாதாம், பின்பக்கத்தால் சுற்றி வரச் சொன்னான். ரொனி சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினான். கிளெமென்ற் அவன் தோளைப் பிடித்தார். “விடு மகன். இண்டைக்குச் சண்டை வேண்டாம்.”

மலர்ச்சாலைக்காரர் சந்திரகுமார் லிஃப்டின் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். “அங்கிள், கிடத்திப் போகாது. நிமிர்த்தித்தான் ஏத்தலாம்.”

“நிமிர்த்திறதா? அவ என்ன அலுமாரியா?”

சந்திரகுமார் தலை குனிந்துகொண்டார். “அப்ப கீழேயே வைப்பம் அங்கிள். எல்லாரும் அப்படித்தான்.”

“எல்லாரும் வைக்கட்டும். படியால போவம்.”

ரொனியின் கூட்டாளிகள் ஆறு பேர் வந்திருந்தார்கள். ஐஸ் பெட்டியை மீனோடு தோளில் தூக்கி ஓடுகிற பொடியன்கள். பாரம் அவர்களுக்குப் பெரிதில்லை. கிளெமென்ற் முன்னால் நின்றார். பெட்டியைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக ஏறினார். கை தானாகவே பேசத் தொடங்கியது. கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம், தலைப்பக்கம் தூக்கு, கால்பக்கம் பொறு. வேலையை விட்டு வருடங்கள் ஆகியும் கை பிசகவில்லை. முதலாம் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. ஒவ்வொரு கதவிலும் ஆட்கள் நின்று குருசு போட்டுக்கொண்டார்கள்.

படி திரும்புகிற இடங்கள்தான் ஒடுக்கம். அங்கெல்லாம் பெட்டியைச் சரித்துத்தான் திருப்ப முடிந்தது. மூன்றுக்கும் நாலுக்கும் இடையில், கிளெமென்ற் காட்டியபடி ஒரு பக்கம் சரித்து, சுவரோடு உராய்ந்து திருப்பும்போது, பெட்டிக்குள் அவள் சறுக்கினாள். பலகையில் ஏதோ இடித்தது. மெல்லிய சத்தம்தான். படியில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

கிளெமென்றின் முஷ்டி உயர்ந்தது.

பொடியன்கள் அப்படியே நின்றார்கள். பின்னால் பாரத்தைத் தாங்கியிருந்த ரொனிக்கு மூச்சு வாங்கியது. “அப்பா, பரவாயில்ல. மெதுவாப் போவம்.”

“இறக்கு.”

“இன்னும் எட்டு மாடிதான் அப்பா. அம்மாவுக்குச் சொன்னனீங்கதானே?”

“இறக்கடா. அவவுக்கு நோகுது.”

சந்திரகுமார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பெட்டி வந்த வழியே இறங்கியது. இப்போது கிளெமென்றின் கை ஒன்றும் காட்டவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு, தடுமாறித் தடுமாறிக் கூடவே இறங்கினார்.

இரண்டாம் மாடியில் றோஸி கதவை அகலத் திறந்து வைத்திருந்தாள். சோஃபாவும் டிவியும் வெளியே, கதவுகளுக்கு முன்னால் போகும் நடை ஒழுங்கைக்கு வந்திருந்தன. ஹோல் நடுவில் வெள்ளைச் சீலை விரித்த மேசை. அவர்கள் ஏறத் தொடங்கிய நேரமே அவள் சாமான்களை இழுக்கத் தொடங்கிவிட்டாள் என்று பிறகு ரொனி அறிந்தான்.

“உள்ளுக்கு வாங்க அண்ணே” என்றாள் றோஸி.

கிளெமென்ற் வாசலிலேயே நின்றார்.

“இது அவ கையால எடுத்த வீடு அண்ணே. நான்தான் அஞ்சு வருசமா இருக்கிறன்.”

மூடியைத் திறந்தபோது இமெல்டாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்து, முக்காடு கலைந்து கிடந்தது. கிளெமென்ற் தலையை நிமிர்த்தி, முக்காட்டைச் சரிசெய்து, விரல்களில் செபமாலையைத் திரும்பக் கோத்தார். நெற்றியோரம் இடிபட்ட இடத்தைத் தேடிப் பார்த்தார். ஒரு அடையாளமும் இல்லை. இருந்தாலும் அந்த இடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

பொழுதுபடச் சனம் வரத் தொடங்கியது. கொட்டாஞ்சேனையில் இருந்தும் ஹெந்தளையில் இருந்தும் வந்தார்கள். இத்தனை வருடமாக ஃபோனில் மட்டும் பேசிக்கொண்டிருந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கும் வர முடியாமல் போனவர்கள், தடியூன்றுகிறவர்கள்கூடப் படியேறி வந்துவிட்டார்கள். ஹோல் நிறைந்து, ஒழுங்கை நிறைந்து, படிகளிலும் இருந்து செபமாலை சொன்னார்கள். இமெல்டா இவ்வளவு சனத்தை ஒன்றாகப் பார்த்து எத்தனையோ காலம்.

அவளோடு கொன்வென்ரில் படித்த ஒரு அம்மா, முதல்முறையாக வந்தவர், கிளெமென்றின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். றோஸியின் வீடு என்று அவருக்குத் தெரியாது.

“மேல் மாடியா இருக்குமோ எண்டு பயந்துகொண்டு வந்தனான். நல்ல காலம், ரெண்டாம் மாடி. ஏறி வர லேசா இருக்கு. இமெல்டா குடுத்துவச்சவ. நல்ல வீடு பாத்திருக்கிறீங்க.”

தேத்தண்ணித் தட்டோடு வந்த றோஸி அசையாமல் நின்றாள். ரொனி தகப்பனின் முகத்தைப் பார்த்தான்.

“ஓம்” என்றார் கிளெமென்ற். “நல்ல வீடு.”

அடுத்த நாள் பின்னேரம் மாதம்பிட்டியில் அடக்கம் செய்தார்கள். முப்பத்தோராம் நாள் பூசை வருகிற சனிக்கிழமை காலை லூசியாஸ் கோயிலில். அது முடிந்ததும், ரொனி ஹெந்தளையில் வாடகைக்கு எடுத்திருக்கும் அறைக்குக் கிளெமென்ற் குடிபோகிறார். அது நிலத்தோடு உள்ள அறை.