நாயகன் உடையில் ஒரு சதுரம்

சாப்பிட்டுக்கொண்டே படிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், முதலில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பயம் எனக்குப் பிற்பாடுதான் வந்தது. முதலில் வந்தது குமட்டல். இன்றைக்கும் ரப்பர் செருப்புக் கடையைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போகிறேன். இது நடுராத்திரியில் நடக்கவில்லை. கரண்ட் போகவில்லை. நாய் ஊளையிடவில்லை. டியூப் லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போது, என் கண் முன்னால் நடந்தது. என் அண்ணியும் பக்கத்தில் இருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புத்தி பிசகிவிட்டது என்று யாராவது சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் தோல் பட்டறை வைத்திருக்கிறோம். பர்ஸ், பெல்ட், கைப்பை செய்கிறோம். வெட்டுவது நான். ஒட்டுவதும் தைப்பதும் அண்ணி. ஆர்டர் பிடிப்பதும் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அண்ணன். மூன்று பேரும்தான் முதலாளி, மூன்று பேரும்தான் வேலையாள். அண்ணனின் மகளுக்கு நாங்கள் வைத்த பெயர் வாலு. ஏழு வயது. பெயருக்கு ஏற்ற பிள்ளை.

அந்த சூப்பர்ஹீரோ படம் வந்தபோது வாலு எங்களை மூன்று முறை தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போனாள். படத்தின் பெயரை எழுத மாட்டேன், எதற்கு வம்பு. ஒரு சாதாரண வெல்டர் எப்படி சூப்பர்ஹீரோ ஆனான் என்பதுதான் கதை. ரசாயனத் தொழிற்சாலையில் தீப்பிடிக்கிறது. அவன் உள்ளே மாட்டிக்கொள்கிறான். ஏதோ ஒரு திரவம் அவன்மேல் கொட்டி, உடம்பு முழுக்கக் கருஞ்சிவப்பில் இன்னொரு தோல் முளைக்கிறது. அதற்குப் பிறகு அவனைத் தீ தொடாது. அந்தத் தீக்காட்சிக்குத் தியேட்டரே எழுந்து நின்று கத்தியது. வாலு நாற்காலி மேலேயே ஏறி நின்றாள்.

சில மாதம் கழித்து, படத்தை டிஸ்க்காக வெளியிடும் கம்பெனியின் மேனேஜர் பட்டறைக்கு வந்தார். வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு சிறப்புப் பெட்டி போடுகிறார்களாம். இரண்டு டிஸ்க், ஒரு போஸ்டர், கூடவே 'படத்தில் அணிந்த உடையின் அசல் துண்டு'. ஐந்நூறு பெட்டிகள். உடையைச் சின்னச் சதுரங்களாக வெட்டி அட்டையில் பதித்துத் தர வேண்டும்.

கறுப்பு பிளாஸ்டிக் பையை எங்கள் மேஜை மேல் வைத்து முடிச்சை அவிழ்த்தார். அண்ணி சட்டென்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நாள்பட்ட வேர்வை, ஈரச் சாக்ஸ், அதற்கும் அடியில் லேசாகத் தித்திப்பாக ஏதோ ஒன்று... அழுகிய பழம் மாதிரி.

"என்ன சார், இதைத் துவைக்கவே இல்லையா?"

"துவைச்சா அசல் போயிடும் மேடம். ரசிகருங்களுக்கு அந்த வேர்வைதான் வேணும்."

"அந்த ஹீரோவோட வேர்வையா?"

"யாரோடதோ. கோடவுன்ல தேடினோம், இது ஒண்ணுதான் கிடைச்சது. நீங்க வெட்டுங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்பைத் துடைக்க எனக்கு ஒரு ஈரத்துணி தேவைப்பட்டது.

உடையை வெளியே எடுத்தோம். கழுத்திலிருந்து கை விரல், கால் விரல் வரை எல்லாம் சேர்ந்த ஒரே உடை. ஒரு ஆளைக் காற்றிறக்கி மடித்து வைத்த மாதிரி இருந்தது. மேல்பக்கம் ரப்பர். உட்பக்கத்தைப் புரட்டினேன். வெளிறிய மஞ்சள். நுண்ணிய துளைகள். துளைக்கு ஒன்றாகக் குட்டை மயிர்.

நான் செத்த மிருகங்களின் தோலிலேயே புழங்குகிறவள். சட்டென்று எதற்கும் முகம் சுளிக்க மாட்டேன். அன்றைக்குக் கையை உதறினேன். உடை வெதுவெதுப்பாக இருந்தது. கொண்டு வந்த வேனுக்குள் வெயிலில் கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையிலும் அது வெதுவெதுப்பாகவே இருந்தது.

காலிலிருந்து வெட்ட ஆரம்பித்தேன். சதுர அச்சை வைத்து மெஷினின் கைப்பிடியை அழுத்தினால், தோல் என்றால் 'டக்' என்று காய்ந்த சத்தம் கேட்கும். இது 'சத்' என்றது. ஈரமான சத்தம். வெட்டிய விளிம்பில் மஞ்சளாக ஏதோ கசிந்தது. பழைய ரப்பர் அப்படித்தான் எண்ணெய் விடும் என்றான் அண்ணன். கசிந்தது விரலில் பட்டுக் காய்ந்ததும் பொருக்குத் தட்டியது. எந்த எண்ணெய் பொருக்குத் தட்டும்?

வெட்டிய துண்டுகளைத் தட்டில் அடுக்கிவிட்டு மத்தியானம் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரித்தபோது நூல் நூலாக இழுத்தது, ஆறாத புண்ணிலிருந்து கட்டுத்துணியை எடுப்பது போல. அண்ணி கொல்லைப்பக்கம் ஓடினார். சாப்பிட்டது அத்தனையும் வெளியே வந்தது.

"நாத்தம்கூடப் பொறுத்துக்குவேன். ஆனா தொட்டா நெளியற மாதிரி இருக்கே," என்றார், வாயைத் துடைத்துக்கொண்டே.

எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நாற்றம் தாங்காமல் டேபிள் ஃபேனை மேஜைப் பக்கம் திருப்பி வைத்தேன். காற்று நேராக உடையின் மார்புப் பகுதியில் பட்டது. அந்த வழவழப்பான கருஞ்சிவப்பு மெல்ல மாறியது. புள்ளி புள்ளியாக எழும்பியது. குளிரில் நம் கையில் எழும்புமே, அதே மாதிரி.

ஃபேனை நிறுத்தினேன்.

புள்ளிகள் அடங்கின.

மறுபடி போட்டேன். மறுபடி எழும்பின. அண்ணி என் தோளைப் பிடித்தார். அவர் கை சில்லென்று இருந்தது. "போதும். இதைத் திருப்பிக் கொடுத்துடலாம்," என்றார். அண்ணனுக்கு போன் போட்டோம். ஒத்துக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டால் பட்டறைப் பெயர் கெட்டுவிடும், முடித்துவிடுங்கள் என்றான். அவன் ஃபேனைப் போட்டுப் பார்க்கவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

கையுறை போட்டுக்கொண்டு, முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, பிணவறைக்காரர்கள் மாதிரி வேலை செய்தோம். கால்கள், முதுகு, வலது கை, வயிறு எல்லாம் முடிந்தன. அட்டையில் பதித்த துண்டுகளை மேனேஜர் ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார். மிச்சம் இருந்தது இடது கையும் மார்பில் ஒரு பாகமும்.

அன்றைக்குச் சாயங்காலம் வாலு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராகப் பட்டறைக்குள் நுழைந்தாள். உள்ளே வரக்கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லியிருந்தோம். மார்புப் பாகத்தில் சில சதுரங்களை வெட்டிவிட்டு, கசிவைத் துடைக்கத் துணி எடுக்க நான் உள்ளறைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் முழங்கையை மடக்கி எனக்குக் காட்டினாள்.

"அத்தை, இங்க பாருங்க. எனக்கும் பவர் வந்துடுச்சு!"

முன்கையில் ஒரு சதுரம். கருஞ்சிவப்பாக.

"கழட்டுடி அதை!"

"வர மாட்டேங்குது."

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். விளிம்பைத் தேடினேன். விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தேன். விளிம்பே அகப்படவில்லை. அவள் தோலும் அதுவும் ஒரே வழவழப்பாகச் சேர்ந்திருந்தன.

"அண்ணி..."

அண்ணி ஓடி வந்தார். பார்த்தார். கத்தவில்லை. ஒரு பாத்திரத்தில் வெந்நீரும் எண்ணெயும் கொண்டு வந்தார்.

தேய்த்தோம். ஊறவைத்தோம். ஒரு மூலை மெல்லத் தூக்கியது. நான் நகத்தைக் கொடுத்து நெம்பினேன்.

வாலு அழவில்லை.

ஆனால் சத்தம் கேட்டது.

"ஸ்ஸ்ஸ்..."

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

மேஜைப் பக்கமிருந்து.

நான் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

"ஸ்ஸ்ஸ்ஸ்..."

"அத்தை, மெதுவா இழுங்க," என்றாள் வாலு. என்னைப் பார்க்காமல் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். "அந்த அங்கிளுக்கு வலிக்குது."

அண்ணியின் முகம் வெளுத்தது. அவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கண்ணை இறுக மூடினேன். ஒரே இழுப்பு.

பிய்ந்து வந்தது.

பின்னால் ஏதோ மேஜையில் அடித்தது. ஒரே ஒரு தடவை. பொத்...

திரும்பினேன்.

இடது கை மேஜையின் விளிம்புக்கு வந்திருந்தது. நான் அதைச் சுவர் ஓரமாகச் சுருட்டி வைத்திருந்தேன். உள்ளே யாரும் இல்லாத, தட்டையான, வெறும் ரப்பர்க் கை.

விரல்கள் ஐந்தும் மடங்கியிருந்தன.

இறுக்கமாக.

என் கையிலிருந்த துண்டு துடித்தது.

அதைக் கீழே போட்டேன். அண்ணி வாலுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். அன்றிரவு யாரும் கீழே இறங்கவில்லை. காலையில் அண்ணன்தான் மிச்சம் இருந்ததைக் குச்சியால் தள்ளிப் பைக்குள் போட்டு, மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வந்தான். திரும்பி வந்தவன் வாசலிலேயே நின்று நெடுநேரம் கை கழுவினான். என்ன பார்த்தான் என்று நாங்கள் கேட்கவில்லை. வாலுவின் கையில் சதுரமாகச் சிவந்திருந்தது. ஒரு வாரத்தில் மறைந்துவிட்டது. அந்த அங்கிள் எப்படி இருந்தார் என்று அண்ணி கேட்டபோது, "முகம் இல்லம்மா," என்றாள். அதற்குமேல் கேட்க எங்களுக்குத் தெம்பில்லை.

மிச்சத்தை வேறு யாரையோ வைத்து வெட்டி முடித்திருக்கிறார்கள். பெட்டி வெளிவந்தது. வெளிவந்த மறுவாரமே மேனேஜர் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு குஷி.

"எல்லாம் வித்துப்போச்சு மேடம்! தொட்டா நிஜத் தோல் மாதிரியே இருக்குன்னு எழுதறாங்க. சில பேரு தலகாணிக்கு அடியில வச்சுத் தூங்கறாங்களாம்!"

"திருப்பி வாங்கிடுங்க சார். தயவுசெஞ்சு."

"என்ன மேடம், ஜோக்கா?"

போனை வைத்துவிட்டார். எனக்கு வாய் முழுக்கக் கசந்தது.

அதற்குப் பிறகு ஒரு மத்தியான வேளையில், சினிமாவுக்கு உடை தைக்கும் மாஸ்டர் ஒருவர் பெல்ட் செய்யச் சொல்லிப் பட்டறைக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். பேச்சுவாக்கில் அந்தப் படத்துக்கு உடை செய்தவர் அவர்தான் என்று தெரிந்தது. நாங்கள் அதை வெட்டிய விஷயத்தைச் சொன்னேன். வெட்டியதை மட்டும்தான். மற்றதைச் சொல்லவில்லை.

"ஹீரோ போட்டதா? சட்டை தனி, பேண்ட் தனியா இருக்குமே, அதா?"

"இல்லைங்க. கழுத்துலேருந்து விரல் வரைக்கும் ஒரே உடை."

அவர் என்னையே பார்த்தார்.

"அப்படி நான் ஒண்ணே ஒண்ணுதாம்மா பண்ணேன். தீக்காட்சிக்கு. டூப் போட்ட பையனுக்கு."

"அதுதாங்க. கோடவுன்ல கிடைச்சுதாம்."

"கிடைச்சிருக்காது." பெரியவர் இல்லை என்று தலையசைத்தார். "அந்தக் காட்சியில தீ கையை மீறிப் போயிடுச்சு. வெளிய தெரியாம அமுக்கிட்டாங்க. உடை உருகி உடம்போட ஒட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரியில எவ்வளவோ பார்த்தாங்க, கழட்டவே முடியலை. ரெண்டு நாள் அதுக்குள்ளேயே கிடந்து போய்ச் சேர்ந்தான்."

என் கைகளை நான் மடியில் ஒளித்துக்கொண்டேன்.

"அதோடயேதாம்மா எரிச்சோம்," என்றார். "சாம்பல் ஆகற வரைக்கும் நான் அங்கதான் நின்னேன்."