கட்டிலுக்கடியில் ஏழு ஜோடி

கட்டிலுக்கடியில் இருந்த அட்டைப்பெட்டியைத் திறந்ததும் ரப்பரும் அந்துருண்டையும் காய்ந்த கடல்மணலும் கலந்த ஒரு வாசனை முகத்தில் வந்து மோதும். மாமல்லபுரத்தில் கடலோர ஓட்டல் ஒன்றில் அறைகளைக் கூட்டித் துடைக்கும் வேலையில் இருந்தாள் என் அம்மா. தங்கிப்போன பெண்கள் மறந்துவிட்டுப் போய், மாதக்கணக்கில் யாரும் தேடி வராமல், கடைசியில் மேனேஜரே "நீயே எடுத்துக்கோம்மா" என்று கொடுத்துவிட்ட காலணிகளில் ஏழு ஜோடியை அந்தப் பெட்டியில் எனக்காகச் சேர்த்து வைத்திருந்தாள்.

கொடுத்ததையெல்லாம் வாங்கி வந்துவிட மாட்டாள். கல்யாணத்துக்கு ஒரு "ஹீல்ஸ்", ஓடியாட கேன்வாஸ், மழைக்கு ஒன்று, சர்ச் வாசலில் சட்டென்று கழற்ற ஒன்று, எந்தச் சுடிதாருக்கும் பொருந்துகிற மாதிரி கறுப்பில் ஒரு "கட் ஷூ" என்று இடத்துக்கு ஒன்றாகப் பார்த்துப் பார்த்து எடுத்து, என் கால் வளர வளர எதை எப்போது போடலாம் என்று மனசுக்குள்ளேயே கணக்கு வைத்திருந்தாள். "எங்க கூப்ட்டாலும் எம் பொண்ணு காலப் பாத்துக்கினு தயங்கி நிக்கக் கூடாது" என்பாள்.

பக்கத்து வீட்டுச் சரசக்கா விடமாட்டார். "இன்னா மல்லிகா, வூட்டுக்குள்ளயே செருப்புக் கட தொறக்கப் போறியா?"

"தொறந்தா ஒத்தச் செருப்பு உனக்கு இனாம்டி, போ."

இத்தனை சேர்த்தவள் தன் காலுக்கு வைத்திருந்தது ஒரேயொரு ரப்பர் செருப்பு. அதையும் பஸ்ஸை விட்டு இறங்கி ஊர்த்தெரு முனை வந்ததும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள். எங்கள் காலனிக்கு அந்தத் தெரு வழியாகத்தான் போகவேண்டும். அவள் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஆட்கள் அங்கே செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. என் காலத்தில் யாரும் தடுக்கவில்லை. "யாரும்மா இப்ப இன்னா சொல்லப் போறாங்க?" என்று கேட்டால், "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கடி, காலுதான் கேக்க மாட்டேங்குது" என்று சிரிப்பாள். நான் மட்டும் செருப்போடு நடக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

பன்னிரண்டாவது முடித்து, செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் சேரப் போனோம். எனக்கு அந்தக் கறுப்பு "கட் ஷூ". அலுவலகத்தின் கண்ணாடிக் கதவருகே போனதும் அம்மா தன்னை அறியாமலே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பளபளத்த தரையில் வெறுங்காலோடு வந்து என் பின்னால் நின்றாள். வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் அவள் காலைப் பார்த்து, பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மேஜைக்குப் பின்னாலிருந்த அம்மாள், "கூட வந்திருக்கிறது யாரு?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவங்க" என்றேன்.

அம்மாவின் காதில் விழுந்தது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அடுத்த நிமிஷம் அவள் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். திரும்பும்போது பஸ் திருப்போரூரை நெருங்குகையில், "ஷூ கடிக்குதாடி?" என்று மட்டும் கேட்டாள்.

வேலை கிடைத்ததும் அவளுக்கு நல்ல செருப்பாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கொடுக்கிற சாக்கில் அன்றைய பேச்சை எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். அவளோ தெருமுனையில் அதையும் கழற்றி, "புதுசுடி, அழுக்காயிடும்" என்று கையில் பிடித்துக்கொண்டாள். அந்தப் பேச்சை எடுக்காமலே அவள் பின்னால் நடந்தேன்.

அந்த ஓட்டலை இடித்துவிட்டார்கள். ஊர்த்தெரு அகலத் தார்ச்சாலையாகி, இரண்டு பக்கமும் மனை விற்கும் கொடிகள் பறக்கின்றன. யார் காலில் என்ன இருக்கிறது என்று பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. கூட வந்தவள் என் அம்மா என்று இன்று உங்களிடம் சொல்கிறேன். பின்னால் நின்று அதைக் கேட்க வேண்டியவள்தான் இல்லை.