தாளுக்கு மேலே மின்னியது

நம்பாதவர்கள் இப்போதே புரட்டிவிடுங்கள். இது மலாயாவின் அவசரகாலத்தில், 1955-இல், எனக்கே நடந்தது.

மலாக்கா டவுனில் ஒரு சுரங்க ஆய்வு ஆபீசில் எனக்கு வேலை. ஈயச் சுரங்கத்துக் கறுப்பு மணலில் கதிர்வீசும் தோரியம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருட்டறையில் கண் பழகும்வரை உட்கார்ந்திருப்பேன். பிறகு மணல் தட்டின்மேல் ரசாயனம் பூசிய சிறு திரையை வைத்து லென்ஸ் வழியே பார்ப்பேன். மணலிலிருந்து பாயும் ஆல்பா துகள் ஒவ்வொன்றும் திரையில் பட்டு ஒரு பொறியாக மின்னும். நடுவே ஒரு தாளைச் செருகினால் மின்னாது. அவ்வளவு நோஞ்சான் துகள். மனிதத் தோலைக்கூடத் தாண்டாது.

வீட்டில் என் மனைவி ஜெயாவுக்கு ஐந்தாம் மாதம். மசக்கையில் மண்ணைச் சுரண்டித் தின்பாள். பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயம். பயத்தைவிட அருவருப்பு.

அன்று லூபோக் சீனாப் பக்கத்து மணல். மதியம் 2.10. கதவைத் தாழிட்டிருந்தேன். தாளைச் செருகினேன். பொறிகள் நின்றன.

பிறகு... மறுபடி மின்னின.

அப்படியென்றால் மணல் தாளுக்கு மேலே இருக்கிறது!

நற... நற...

யாரோ மண்ணை மெல்லும் சத்தம். என் காதருகே. ஊத்தை வாய் நாற்றம்.

விளக்கைப் போட்டேன். யாரும் இல்லை. தாளின்மேல் கொழகொழவென்று எச்சில். அதில் கறுப்பு மணல்.

சீ!

வீட்டுக்கு ஓடினேன். ஜெயாவின் பல்லிடுக்கெல்லாம் கறுப்பு.

"யாரு குடுத்தா?"

"ஒரு அக்காங்க. மத்தியானம் வந்தாங்க. அவங்களும் முழுகாமதான் இருக்காங்க. ஒரு வாய்தான்லா..."

தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தேன். அந்தக் கண்றாவியைக் காயவைத்து, மறுநாள் திரைக்கடியில் வைத்தேன். மின்னியது. தாளைச் செருகினேன். நின்றது. எங்கள் மணலேதான்.

வெளியே இருந்தால் தாள் தடுக்கும். வயிற்றுக்குள் எதைச் செருகுவது?

மணல் எங்கே வெட்டியது என்று விசாரித்தேன். கம்யூனிஸ்டுகளுக்கு உதவக் கூடாதென்று அரசாங்கம் ஆட்களை முள்வேலிக் குடியிருப்புக்குள் மாற்றியதால் காலியான ஓர் எஸ்டேட். தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஒரு மேடு. அங்கே முன்பு குடியிருந்த தம்புசாமி அண்ணனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ தம்பி, அது குஞ்சம்மாவப் பொதச்ச எடம். வாய் நெறைய மணலோட செத்துக் கெடந்தா. கர்பியூ... சுடுகாட்டுக்குத் தூக்க முடியல. வயித்துல அஞ்சு மாசம்."

அந்த வாரமே ஜெயாவுக்குக் கரு கலைந்தது.

மருத்துவச்சி துணியை விலக்கிக் காட்டினார். கண்கூடத் திறக்காத பிள்ளை.

அதன் வாய் நிறையக் கறுப்பு மணல்.